சித்தியின் கை

என் சித்தி புது வேலையில் சேர்ந்து பதின்மூன்றாவது நாள், அவள் இருபது வருடமாகக் காத்திருந்த கடிதம் வந்தது.

புது வேலை ஒரு கையேட்டுக் கம்பெனியில். சலவை இயந்திரம், மின்விசிறி, தையல் மெஷின் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அதற்குப் படம் வரைகிற இடம். எந்தத் திருகு எந்தத் துளைக்கு, குழாயை எந்தப் பக்கம் செருகுவது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் படங்கள். உலகத்தில் யாருமே ரசித்துப் பார்க்காத படங்கள் என்று சித்தியே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இரண்டு வருடத்தில் அது அவளுக்கு நாலாவது வேலை. "இதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்லித்தான் அம்மா அவளை முதல் நாள் அனுப்பிவைத்தாள்.

சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்தவள், பத்து வயது இளையவள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டவங்களைப் பிடிக்கல, பிடிச்சவங்க கேக்கல" என்பாள். எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். நான் கல்லூரியில் முதல் வருடம். வீட்டில் அவளுக்குப் புத்தி சொல்லாத ஒரே ஆள் நான்தான் என்பதால், எல்லாவற்றையும் என்னிடம் சொல்வாள்.

கடிதம் தாவர ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்தது. எண்பது வருடமாக அவர்கள் ஒரு பெரிய புத்தகத்தைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு முழுப் பக்கப் படம். பதினாறு வயதில் நூலகத்தில் அதன் இரண்டாம் தொகுதியைப் பிரித்த சித்தி, கதவைச் சாத்தப்போகிறோம் என்று ஆள் வந்து தோளைத் தட்டுகிறவரை நின்றபடியே பார்த்திருக்கிறாள். அன்றைக்கே அவளுக்கு மனசில் விழுந்துவிட்டது. அங்கே ஓவியர் வேலை ஒன்றே ஒன்றுதான். அது காலியாவது அபூர்வம். இரண்டு முறை விண்ணப்பம் போட்டிருந்தாள், பதிலே வந்ததில்லை. இப்போது, நாலு வருடத்துக்கு முன்பு போட்ட விண்ணப்பத்தைக் குறிப்பிட்டு, அடுத்த வாரம் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"சேர்ந்து ரெண்டு வாரம்கூட ஆகல. உக்காந்த சீட்டு இன்னும் சூடாகல. அதுக்குள்ள இன்னொரு இடத்துக்கா?" என்றாள் அம்மா.

"அக்கா, இது மட்டும்தான் எனக்கு வேலை. மத்ததெல்லாம் அது வர்ற வரைக்கும் பொழுதுபோக்கு" என்றாள் சித்தி.

அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கவிழ்த்து வைத்தாள்.

கையேட்டுக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்தே சித்திக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். ஏழு மாதத்துக்கு முன்பு திடீரென்று போய்விட்டாள். எதிர் மேசையில் ஒருவர் இருந்தார். முப்பது வருடமாகத் திருகாணி மட்டுமே வரைகிறவர், எல்லோரும் அவரை ஸ்குரூ அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். சித்தி முதல் நாள் பிளேடால் பென்சிலைச் சீவுவதைப் பார்த்து அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பொண்ணும் இப்படியேதான் சீவும். ஒரு விரல் நீளத்துக்கு ஊசி மாதிரி. ஒரு நிமிஷம் அதுதான் திரும்ப வந்துடுச்சோன்னு நெனச்சுட்டேன்."

நாலாவது நாள் மேலாளர் அந்தப் பக்கமாக வந்தவர், "உங்க மின்விசிறிப் படம் பிரமாதம்மா, வாடிக்கையாளர் ஒரு திருத்தம்கூடச் சொல்லல" என்று பாராட்டிவிட்டுப் போனார். சித்தி மின்விசிறி எதுவும் வரைந்திருக்கவில்லை. அது அந்தப் பழைய பெண் வரைந்து வைத்துப்போன படம். எடுத்துப் பார்த்தபோது சித்தியே ஒரு கணம் குழம்பிவிட்டாள். 'நான் எப்போது இதை வரைந்தேன்?' என்று தோன்றியிருக்கிறது. மேசை இழுப்பறையில் அந்தப் பெண்ணின் தாள்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. கோடு தொடங்கும்போது மெலிந்து, வளைவில் கொஞ்சம் தடித்து, முடிகிற இடத்தில் மூச்சை விடுவதுபோல் மங்கிப்போகும். சித்தியின் கோடும் அப்படித்தான். இருவரும் எங்கோ அந்த நூலகப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இழுப்பறையைச் சாத்திவிட்டாள்.

நேர்காணல் நாளுக்குப் பல் வலி என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்தாள். மேலாளர் நல்ல மனிதர், தனக்குத் தெரிந்த பல் மருத்துவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அது வேறு அவளுக்குக் குற்ற உணர்ச்சி.

ஆராய்ச்சி நிலையம் ஒரு நீளமான மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை. இரண்டு பக்கமும் கூரைவரை இரும்பு அலமாரிகள். அவற்றுக்குள் லட்சக்கணக்கான காய்ந்த செடிகள், தாளில் ஒட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. சித்தியைத் தவிர நேர்காணலுக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. வாசலில் இருந்த பெஞ்சில் ஒரே ஒரு தண்ணீர் டம்ளரை மூடிவைத்திருந்தார்கள்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் இயக்குநர், அறுபதைத் தாண்டியவர், மிருதுவாகப் பேசுகிறவர். இன்னொருவர் அந்த அலமாரிகளுக்குப் பொறுப்பாளரான அம்மாள். வெள்ளைத் துணிக் கையுறையைக் கழற்றவேயில்லை.

"இப்ப எங்கயாவது வேலையில இருக்கீங்களா?" என்றார் இயக்குநர்.

பொய் சொல்ல வேண்டாம் என்று சித்தி முடிவுசெய்து வைத்திருந்தாள். "இருக்கேன் சார். சேர்ந்து மூணு வாரம்கூட முடியல."

"கையேட்டுக் கம்பெனியா?"

சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு வருடத்துக்கு முந்திய விண்ணப்பத்தில் அது எப்படி இருக்கும்? "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"இதுக்கு முன்னால இருந்த ஓவியரும் அங்கேருந்துதான் வந்தாங்க. அவங்களும் அங்க சேர்ந்து மூணாவது வாரம்தான்" என்றார் அவர். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அவங்க இப்ப எங்க?"

"நாலு மாசம் இருந்தாங்க. ஒருநாள் சாப்பிடப் போறேன்னு போனாங்க. வரல. ராஜினாமாவைத் தபால்ல அனுப்பிட்டாங்க."

பொறுப்பாளர் அம்மாள் எழுந்து அவளை வடக்குப் பக்க ஜன்னலடியில் இருந்த மேசைக்கு அழைத்துப்போனார். மேசையில் ஒரு நுண்ணோக்கி, அதன் அடியில் ஒரு காய்ந்த கொடி, பக்கத்தில் ஒரு படத்தாள். தாளின் இடது பாதியில் கொடி பென்சிலால் வரையப்பட்டிருந்தது. தண்டு, இலைகள், நரம்புகள், எல்லாம். வலது பாதி வெறுமை. சரியாக நடுவில், ஒரு இலையின் பாதியில் கோடு நின்றிருந்தது.

"மூணு மணி நேரம். இதை முடிச்சுக் குடுங்க" என்றார் அவர். "உங்க சொந்த பாணியெல்லாம் எங்களுக்கு வேண்டாம். எண்பது வருஷம், எத்தனையோ ஓவியர்கள். ஆனா புத்தகத்தைப் பாத்தா ஒரே கை வரைஞ்ச மாதிரி இருக்கணும். அதுதான் இங்க வேலை."

சித்தி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கம்பெனி மேசை இழுப்பறையில் அவள் பார்த்த அதே கை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அவளுக்கு வலது கண்ணைவிட இடது கண் மிகவும் மோசம். எந்த நுண்ணோக்கியில் பார்த்தாலும் ஐந்து நிமிடம் திருகித் திருகி இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சரிசெய்தால்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். இலையின் மயிர்க்கால்வரை பளிச்சென்று தெரிந்தது. ஒன்றையும் திருகவில்லை.

முதல் மணி நேரம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எங்கே தொடங்குவது என்று யோசித்தது, அளவுகோலால் அளந்தது, அந்தப் பக்கம் தாள் விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாகப் பட்டது. பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. "தூங்கலடி. கண்ணு பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. கை போய்க்கிட்டே இருந்துச்சு. பேருந்துல பின்னால உக்காந்து ஜன்னல் வழியா பாக்குறோமே, அந்த மாதிரி நான் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். யாரோ தோளைத் தொட்டபோதுதான் நிமிர்ந்திருக்கிறாள். கொடி முழுசாக இருந்தது.

இயக்குநர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நடு இலையில் கோடு எங்கே நின்றது, எங்கே தொடர்ந்தது என்று அவரால் காட்ட முடியவில்லை. பொறுப்பாளர் அம்மாளாலும் முடியவில்லை. சித்தியும் குனிந்து பார்த்தாள். அவளாலும் முடியவில்லை.

"நாங்க சீக்கிரமே சொல்றோம்" என்றார் இயக்குநர், குரல் கொஞ்சம் நடுங்க. பயத்தினாலா சந்தோஷத்தினாலா என்று சித்திக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போய், பல் வலியை நம்பவைக்க ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். மதியம் வீட்டுக்கு ஃபோன் வந்துவிட்டது. அம்மாதான் எடுத்தாள். வேலை சித்திக்குத்தான், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்து சேரலாம்.

சாயங்காலம் அம்மா விஷயத்தைச் சொன்னதும், இருபது வருடக் கனவு கைக்கு வந்தவள் குதிப்பாள் என்று நினைத்தேன். சித்தி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். ஸ்குரூ அண்ணனிடம் கேட்டு அந்தப் பழைய பெண்ணின் நம்பரை வாங்கி வந்திருந்தாள்.

ஹாலில் இருந்து பேசினாள். நானும் ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன்.

"வணக்கங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் கையேட்டுக் கம்பெனியில..."

"என் சீட்டுக்கு வந்தவங்களா?" என்றது அந்தக் குரல். "கொடியை வரைஞ்சுட்டீங்களா?"

சித்தியின் விரல்கள் ஃபோன் வயரைச் சுற்றிக்கொண்டன. "நேத்துதான். இடது பாதி நீங்க வரைஞ்சதுதானே? பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். இழுப்பறையில இருந்த உங்க படங்களைப் பாத்திருக்கேன்."

"அது என்னுது இல்லைங்க. நான் நேர்காணலுக்குப் போனப்பவும் அது அப்படியேதான் இருந்துச்சு. எனக்கும் அதையேதான் குடுத்தாங்க. வலது பாதியை நான் முழுசா வரைஞ்சு முடிச்சேன்."

"நான் பாத்தப்ப வலது பக்கம் வெறும் தாளா இருந்துச்சே."

"அழிச்சிருப்பாங்க. அந்தப் பக்கம் தாள் கொஞ்சம் சொரசொரன்னு இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

எத்தனை பேர் அந்த வலது பாதியை வரைந்திருப்பார்கள், எத்தனை முறை அது அழிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

"அங்க யாராவது உங்களை ஏதாவது..." என்று சித்தி இழுத்தாள்.

"ச்சே ச்சே, தங்கமானவங்க. வேலையும் நான் சின்ன வயசுலேருந்து ஆசைப்பட்ட வேலைதான். வரைய உக்காந்தா நேரம் போறதே தெரியாது. அதுதாங்க விஷயமே, நேரம் போனது எனக்குத் தெரியவே இல்ல." அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டாள். "ஒருநாள் என் பொண்ணோட பள்ளிக்கூட நோட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். டீச்சர் திருப்பி அனுப்பிட்டாங்க. 'இது உங்கம்மா கையெழுத்து இல்லையே, யார் போட்டா?'ன்னு பொண்ணைத் திட்டியிருக்காங்க. நான் போட்டதுதாங்க அது. பழைய கையெழுத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். எனக்கே அடையாளம் தெரியல. அன்னைக்குச் சாப்பிடப் போனவ திரும்பிப் போகல."

"இப்ப என்ன செய்றீங்க?"

"துணிக்கடையில நிக்கிறேன். அளந்து வெட்டிக் குடுக்குறேன். பென்சிலைத் தொடுறதில்ல. கையெழுத்து பாதி திரும்பி வந்திருக்கு." பிறகு, கோபமோ வருத்தமோ இல்லாமல், "நீங்க போவீங்க. எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் போவேன். நல்லா இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பேய் பிசாசு நம்பாதவள். இருந்தாலும் சித்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்டி. எனக்கு என்னமோ சரியாப் படல. இந்தக் கம்பெனி போதும் நமக்கு."

"அக்கா," என்றாள் சித்தி, "அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்து போட ஒரு நோட்டு இருந்துச்சு. எனக்கு எந்த நோட்டு இருக்கு?"

சித்தி அழவில்லை. உள்ளதைச் சொல்கிறவள் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் கம்பெனியில் ராஜினாமா கொடுத்தாள். மேலாளர் கோபப்படவில்லை. காகிதத்தைப் படித்துவிட்டு மேசை நாட்காட்டியைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார்.

"பத்தொன்பதாவது நாள்" என்றார். "அந்தப் பொண்ணும் பத்தொன்பதாவது நாள்தாம்மா லெட்டரைக் குடுத்துச்சு. இனிமே அந்த மேசையில ஆளை உக்கார வைக்கலாமான்னே தெரியல எனக்கு." பிறகு, சொல்ல மறந்தவர்போல், "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார். சித்தி அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான் அழுதாளாம்.

ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த முதல் வாரம் பொறுப்பாளர் அம்மாள் அந்தக் கொடிப் படத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துவைப்பதை சித்தி பார்த்தாள். "இதை என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "அடுத்தவங்க வர்றப்ப வேணுமில்ல" என்றார் அவர், சாதாரணமாக.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சித்தி உறையைத் திறந்து, படத்தை வெளியே எடுத்து, வலது பாதி முழுவதற்கும் மை போட்டுவிட்டாள். பென்சிலை அழிக்கலாம், மையை அழிக்க முடியாது. கை நடுங்காமல் ஒரே மூச்சில் போட்டாளாம். வேலை போனாலும் போகட்டும் என்று தாளை மேசைமேலேயே விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

இயக்குநர் வந்து பார்த்தார். திட்டவில்லை. மையை அருகில் போய்ப் பார்த்து, "அருமையா இருக்கு. இதையே புத்தகத்துல போட்டுடலாம்" என்றார். "அப்ப அடுத்த தடவைக்கு நீங்களே இன்னொரு இடது பாதி வரைஞ்சு வச்சுடுங்க. அவசரமில்ல."

சித்தி இரண்டு நாளில் வரைந்து கொடுத்துவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தாள். ஒரு நாளும் வேலையைக் குறை சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. காலையில் சீட்டியடித்துக்கொண்டே செருப்பு மாட்டுவாள். நான் கல்யாணமாகி வெளியூர் போனபின் மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ, உறையின் மேல் விலாசத்தைப் பார்த்து இது யாரிடமிருந்து என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். உள்ளே கேலியும் கிண்டலும் சித்தியுடையதுதான். எழுத்து மட்டும் மெலிந்து தொடங்கி, வளைவில் தடித்து, முடிவில் மங்கிப்போகும். நான் அதைப் பற்றி அவளிடம் கேட்டதில்லை. அம்மா ஒரு தடவை கேட்டாள். "வயசானா எழுத்து மாறாதா?" என்றாளாம் சித்தி.

அவள் ஓய்வு பெற்றபோது நிலையத்தில் அவளுக்குப் புத்தகத்தின் எல்லாத் தொகுதிகளையும் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து நான் போயிருந்தேன். மத்தியான வெயில் மாடியறைத் தரையில் விழுந்திருந்தது. தொகுதிகளைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். படங்களுக்குக் கீழே ஓவியர் பெயர் கிடையாது, வரைந்த வருடம் மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்.

"இதுல உன்னுது எது எதுன்னு காட்டு சித்தி. எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு."

அவள் ஒரு தொகுதியை இழுத்து, தேடாமலேயே ஒரு பக்கத்தைப் பிரித்தாள். அகல இலை வைத்த ஏதோ ஒரு நீர்ச்செடி.

"இது. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அன்னைக்கு சரியான மழை. ஜன்னல் ஒழுகி, இந்த மூணாவது இலைமேல ஒரு சொட்டு விழுந்துடுச்சு. பதறிப்போய் ஒத்தி எடுத்தேன். பாரு, இங்க கோடு லேசாத் தடிச்சிருக்கும்."

பார்த்தேன். தடித்திருந்தது. அப்புறம் கீழே இருந்த வருடத்தைப் பார்த்தேன். சித்தி பிறப்பதற்கு ஒன்பது வருடம் முந்தியது.

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் விரலை அந்த எண்ணின் மேல் வைத்தேன். சித்தி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் பயம் எதுவும் இல்லை.

"அட, ஆமா" என்றாள். "ஆனா அன்னைக்கு மழைதான்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பக்கத்தைத் திருப்பி, அடுத்த செடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.